வளைவில் வற்றும் ஆயில்: டிராக்கில் இன்ஜினைக் காப்பாற்ற ஓர் அறிமுகம்

வேகமாக வளைகிற பஸ்ஸில் சாம்பார் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவருக்குத் தெரியும், சாம்பார் எந்தப் பக்கம் ஏறும் என்று. இன்ஜினுக்கு அடியில் கிடக்கும் ஆயிலும் அப்படித்தான். கார் இடப்பக்கம் வளைந்தால் ஆயில் வலப்பக்கச் சுவரில் ஏறுகிறது. பிரேக் அடித்தால் முன்னால் ஓடுகிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்னால் ஒதுங்குகிறது. ஊருக்குள் ஓட்டும்போது இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. நல்ல பிடிப்புள்ள டயரோடு ரேஸ் டிராக்கின் நீண்ட வளைவில் ஏழெட்டு நொடி விடாமல் அழுத்தினால் கதை வேறு. ஆயில் பம்ப் உறிஞ்சும் இடத்திலேயே ஆயில் இல்லாமல் போய், பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கிவிடும்.

இதற்குப் பெயர் ஆயில் ஸ்டார்வேஷன். எண்ணெய்ப் பட்டினி என்றே சொல்லலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் சரியாகக் காட்டுகிற காரிலும் இது வரும் என்பதுதான் புதிதாக டிராக்குக்கு வருபவர்களைக் குழப்புகிறது. டிப்ஸ்டிக் காட்டுவது கார் சமதரையில் சும்மா நிற்கும்போது உள்ள அளவை. வளைவின் நடுவில் ஆயில் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

உள்ளே நடப்பது

பெரும்பாலான கார்களில் ஆயில், இன்ஜினின் அடியில் திருகப்பட்ட தட்டையான தொட்டியில் இருக்கும். இதை ஆயில் பான் என்றும் சம்ப் என்றும் சொல்வார்கள். அதற்குள் ஒரு குழாய் இறங்கி, சல்லடை வைத்த வாயோடு அடித்தட்டுக்குச் சற்று மேலே நிற்கும். அதுதான் பிக்கப். பம்ப் அதன் வழியாக ஆயிலை உறிஞ்சி, ஃபில்டருக்கு அனுப்பி, அங்கிருந்து கிராங்க் ஷாஃப்ட்டின் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) மெயின் பேரிங்குகளுக்குக் கொடுக்கிறது. மெயின் பேரிங்கிலிருந்து கிராங்க்குக்குள் துளைத்த ஓட்டைகள் வழியாக, பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குகளுக்கு ஆயில் போகிறது. இன்னொரு கிளை மேலே ஏறி கேம் ஷாஃப்ட்டையும் வால்வுகளையும் நனைக்கிறது. மேலே போன ஆயில் தானாக வடிந்துதான் கீழே வந்தாக வேண்டும்.

ராடு பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் இடையே உள்ள இடைவெளி பொதுவாக 0.05 மி.மீ. சுமாருக்குத்தான் இருக்கும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அந்த இடுக்கில் அழுத்தத்தோடு வந்து சேரும் ஆயில்தான் சுழலும் கிராங்க்கைத் தாங்குகிறது. ஓடுகிற இன்ஜினில் உலோகம் உலோகத்தைத் தொடக்கூடாது. நடுவில் சில மைக்ரான் தடிமனில் ஆயில் படலம் இருக்க வேண்டும். பிக்கப் காற்றை இழுத்ததும் அந்தப் படலம் அறுந்துபோகிறது. நிமிடத்துக்கு 7000 சுற்றில் கிராங்க் ஒரு நொடிக்கு 117 தடவை சுற்றும். இரண்டு நொடி ஆயில் வரவில்லை என்றால், அதற்குள் 230 தடவைக்கு மேல் உலர்ந்து சுற்றிவிடும்.

பெரும்பாலும் முதலில் போவது ராடு பேரிங்தான். ஆயில் பாதையில் மெயின் பேரிங்குக்கு அடுத்துதான் அதற்குப் பங்கு. எரிப்பின் அடியை நேராக வாங்குவதும் அதுதான். பேரிங்கின் மேலே உள்ள மென்மையான பூச்சு முதலில் தேய்கிறது. பிறகு இடைவெளி கூடுகிறது, அடியிலிருந்து 'டக் டக்' என்று தட்டுகிற சத்தம் கேட்கிறது. அதற்கு மேலும் ஓட்டினால் பேரிங் இருந்த இடத்திலிருந்து நழுவிச் சுற்றும், ராடு முறியும், முறிந்த ராடு பிளாக்கில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். சிலர் 'திடீரென்று போயிற்று' என்பார்கள். பல கார்களில் அது திடீரென்று நடந்ததாக இருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் அதே வளைவில் அரை நொடி, முக்கால் நொடி என்று பட்டினி கிடந்து, பேரிங் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கடைசியில் ஒரு நேர்ப்பாதையில் உயிரை விட்டிருக்கும்.

காற்று முழுதாக நுழைய வேண்டும் என்றும் இல்லை. ஆயிலும் காற்றும் கலந்து நுரையாகப் போனாலே போதும். ஆயில் அழுந்தாது, காற்று அழுந்திவிடும். நுரை நிறைந்த ஆயிலால் பாரத்தைத் தாங்க முடியாது.

ஒரு சின்னக் கணக்கு

1 ஜியில் வளைவது என்றால், காரின் எடை அளவுக்கே ஒரு விசை பக்கவாட்டிலும் தள்ளுகிறது என்று பொருள். கீழ்நோக்கிய விசையும் பக்கவாட்டு விசையும் சமமாகிவிடுவதால், தொட்டியில் ஆயிலின் மேற்பரப்பு சரியாக 45 டிகிரி சாய்ந்து நிற்கும். சாலையில் கொஞ்சம் வேகமாக வளைந்தால் 0.4 ஜி வரும், அப்போது சாய்வு 22 டிகிரிதான். செமி ஸ்லிக் டயர் (பள்ளங்கள் குறைவான, பிடிப்பு அதிகமான டயர்) போட்ட ஸ்போர்ட்ஸ் கார் 1.2 ஜியைத் தொட்டால் சாய்வு 50 டிகிரி.

இப்போது 40 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளம் உள்ள தட்டையான ஆயில் பான் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் 5 லிட்டர் ஆயில் 5 செ.மீ. ஆழத்துக்கு நிற்கும். பிக்கப் சரியாக நடுவில், இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் 20 செ.மீ. தள்ளி இருக்கிறது. 1 ஜியில் இந்த ஆயில் முக்கோணமாக ஒரு சுவரில் ஏறிவிடும். முக்கோணத்தின் அடி 20 செ.மீ. அதாவது ஆயிலின் விளிம்பு சரியாகப் பிக்கப் இருக்கும் இடத்தில் முடிகிறது. அதிக சுற்றில் ஓடும்போது ஒரு லிட்டர் இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டிலும் கிராங்க்கைச் சுற்றியும் தங்கிவிட்டது என்று வையுங்கள். பானில் 4 லிட்டர்தான். முக்கோணத்தின் அடி 18 செ.மீ.க்குக் குறைந்து, பிக்கப் 2 செ.மீ. தள்ளி உலர்ந்த தகட்டின் மேல் நிற்கும். மாறாகப் பானில் 6 லிட்டர் நின்றால் அதே பிக்கப்பின் மேல் கிட்டத்தட்ட 2 செ.மீ. ஆயில் இருக்கும்.

நிஜப் பான் இப்படிப் பெட்டி போல இருக்காது, ஓரிடத்தில் குழிந்தும் வேறிடத்தில் மேடாகவும் இருக்கும். ஆனாலும் இந்தக் கணக்கு ஒரு விஷயத்தைப் புரியவைக்கிறது: ஒரு லிட்டர் கூடக் குறைய இருப்பதில்தான் தப்பிப்பதும் மாட்டுவதும் இருக்கிறது.

வளைவின் நீளமும் முக்கியம். 50 மீட்டர் ஆரமுள்ள 90 டிகிரி வளைவை 1 ஜியில் எடுத்தால் மூன்றரை நொடியில் வெளியே வந்துவிடலாம். 100 மீட்டர் ஆரமுள்ள அரைவட்ட வளைவு என்றால் மணிக்கு 113 கி.மீ. வேகத்தில் பத்து நொடி ஆகும். முதல் ஒன்றிரண்டு நொடியை இன்ஜின் எப்படியோ சமாளித்துவிடும். கொல்லுவது மிச்சமுள்ள எட்டு நொடி. பிரேக்கை விடாமலே வளைவுக்குள் நுழைகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: ஆயில் முன்னாலும் பக்கவாட்டிலும் சேர்ந்து ஒரு மூலைக்கு ஓடும். பிக்கப் பின்னால் இருக்கும் கார்களில் அது மோசமான நேரம்.

பைக்கில் ஏன் இந்தப் பிரச்சினை இல்லை என்று கேட்கலாம். பைக் வளைவில் சாய்கிறது. அந்தச் சாய்வே பக்கவாட்டு விசையைச் சமன்செய்துவிடுவதால், பைக்கின் பானுக்குள் ஆயில் பெரும்பாலும் அதன் இடத்திலேயே நிற்கும். அதே பைக் இன்ஜினைச் சாயாத காரில் வைத்தால் பட்டினி உடனே ஆரம்பிக்கும். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்குப் பைக் இன்ஜினோடு கார் கட்டும் மாணவர்கள் பானைத் தனியாக வடிவமைக்க மெனக்கெடுவது இதனால்தான்.

கார் கம்பெனிகளே பட்ட பாடு

1997-இல் வந்த, செவர்லே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரின் ஐந்தாம் தலைமுறையான சி5-இன் எல்எஸ்1 இன்ஜினில், கார் தரையோடு தாழ்வாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பானை ஆழமாக வைக்காமல் இரு பக்கமும் இறக்கை போல அகட்டினார்கள். வௌவால் இறக்கைப் பான் என்றே அதற்குப் பட்டப்பெயர். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்க இறக்கையில் போய்த் தங்கிவிடும். டிராக்குக்குப் போகும் சி5 உரிமையாளர்கள் ஒரு குவார்ட், அதாவது 0.95 லிட்டர், கூடுதலாக ஊற்றுவது வழக்கமாயிற்று. 2006-இல் சி6 இசட்06 வந்தபோது, அதன் 7 லிட்டர் எல்எஸ்7 இன்ஜினுக்குக் கம்பெனியே, ஆயிலைப் பானில் தேக்காமல் தனி டேங்க்கில் வைக்கும் டிரை சம்ப் ஏற்பாட்டைக் கொடுத்தது. 2020-இன் சி8-இல் அடிப்படை மாடலுக்கே டிரை சம்ப் வந்துவிட்டது.

போர்ஷேயிலும் இதே பாடம். 996 தலைமுறை 911-இலும் முதல் பாக்ஸ்டரிலும் இருந்த எம்96 இன்ஜினை 'உள்ளடங்கிய டிரை சம்ப்' என்று விளம்பரம் செய்தார்கள். ஹெட்டிலிருந்து ஆயிலைத் திருப்பி இழுக்கப் பம்புகள் உண்டு. ஆனால் தனி டேங்க் கிடையாது, ஆயில் இன்ஜினின் அடியிலேயேதான் கிடக்கும். பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாத இடம் இது. அதே 996-இன் ஜிடி3 மாடலுக்கு போர்ஷே இன்ஜின் வடிவமைப்பாளர் ஹான்ஸ் மெட்ஸ்கரின் பெயரால் அறியப்படும் வேறு இன்ஜினையும், தனி டேங்க் உள்ள உண்மையான டிரை சம்ப்பையும் வைத்தார்கள்.

முதலில் அளவு, அடுத்து கேஜ்

செலவே இல்லாத வேலை ஆயில் அளவைச் சரியாக வைப்பது. சமதரையில் நிறுத்தி, சூடான இன்ஜினை அணைத்து, கையேடு சொல்கிற நேரம் (பொதுவாக ஐந்து முதல் பத்து நிமிடம்) காத்திருந்து டிப்ஸ்டிக்கை எடுங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர் வித்தியாசம். சாலையில் இரண்டுக்கும் நடுவில் எங்கே இருந்தாலும் பரவாயில்லை. டிராக்குக்கு மேல்கோட்டில்தான் இருக்க வேண்டும். டிராக்கில் இன்ஜின் ஆயிலை வழக்கத்தைவிட அதிகம் குடிக்கும். அதனால் 20 நிமிட செஷன் ஒவ்வொன்றுக்குப் பிறகும் பாருங்கள், ஒரு லிட்டர் கேன் கையில் இருக்கட்டும்.

மேல்கோட்டைத் தாண்டி அரை லிட்டர் ஊற்றலாமா? சில இன்ஜின்களுக்கு அது தெரிந்த, பலன் தரும் வழி. எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஆயில் மட்டம் சுழலும் கிராங்க்கைத் தொட்டால் மோர் கடைவது போல நுரைத்துவிடும், எதைத் தவிர்க்க ஊற்றினோமோ அதுவே நடக்கும். கூடுதல் ஆயில் மூச்சுக்குழாய் வழியாக இன்டேக்குக்குள் போய் நீலப் புகையாகவும் வரும். உங்கள் இன்ஜினை டிராக்கில் நன்கு அறிந்த மெக்கானிக்கைக் கேட்காமல் அரை லிட்டருக்கு மேல் போகாதீர்கள்.

அடுத்தது ஆயில் அழுத்தத்தை அளந்து காட்டும் கேஜ். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பான் மாற்றுவதற்கு முன்னால் ஆயில் பிரஷர் கேஜ் வாங்குங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து. டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பக்கூடாது. பல கார்களில் ஆயிலின் அழுத்தம் 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே போனால்தான் அது எரியும். 6500 சுற்றில் ஓடும் இன்ஜினுக்கு 1 பார் என்பதே பெரும் பட்டினி, ஆனால் அப்போதும் அந்த விளக்கு அணைந்தேதான் இருக்கும். வளைவின் நடுவில் அது மின்னியதைப் பார்த்தீர்கள் என்றால் பேரிங் ஏற்கெனவே அடி வாங்கிவிட்டது.

0 முதல் 10 பார் வரை அளக்கும் சென்சார் வாங்கி, ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒரு சாண்ட்விச் பிளேட் வைத்துப் பொருத்தலாம். ஆயில் சுவிட்ச் இருக்கும் துளையில் பித்தளை டி-இணைப்பைத் திருகி, அதில் கனமான சென்சாரை நேராகத் தொங்கவிடுவது பலர் செய்யும் தவறு. இன்ஜின் அதிர்வில் பித்தளை விரிசல்விட்டு முறியும், ஆயில் முழுவதும் சூடான எக்ஸாஸ்ட் மேல் கொட்டும். பின்னல் கம்பி உறை போட்ட சிறு ஹோஸ் வழியாக இழுத்து, சென்சாரை பாடியில் கிளிப் போட்டு நிறுத்துங்கள். கூடவே 1.4 பாரில் எரியும் பெரிய எச்சரிக்கை விளக்கு ஒன்றை கண்ணுக்கு நேராக வையுங்கள். வளைவில் யாரும் முள்ளைப் பார்த்துக்கொண்டு ஓட்ட முடியாது.

முடிந்தால் நொடிக்கு 10 தடவையாவது பதிவுசெய்யும் லாகர் வாங்குங்கள். பிரஷர், சுற்று, பக்கவாட்டு ஜி மூன்றையும் ஒரே வரைபடத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். சுற்று இறங்கும்போது பிரஷரும் இறங்குவது இயல்பு. நேர்ப்பாதையில் 6000 சுற்றில் 4.5 பார் காட்டிய இன்ஜின், வளைவில் அதே 6000 சுற்றில் 3 பாருக்குச் சரிந்து, கோடு ரம்பப் பல் போல நடுங்கினால் அது காற்று. 1000 சுற்றுக்கு 0.7 பார் இருக்க வேண்டும் என்பது பழைய ரேஸ் மெக்கானிக்குகளின் விதி. இன்றைய சில பம்புகள் எரிபொருள் சிக்கனத்துக்காக வேண்டுமென்றே குறைவான பிரஷரில் ஓடுபவை. அதனால் உங்கள் காரின் நேர்ப்பாதை அளவையே அடிப்படையாக வைத்து ஒப்பிடுங்கள்.

ஆயில் வெப்பமும் சேர்ந்தே பார்க்க வேண்டியது. 100 முதல் 120 டிகிரி வரை கவலையில்லை. 130-ஐத் தாண்டினால் ஆயில் நீர்த்துப் பிரஷர் எங்கும் குறையும், வளைவுக்கு முன்பே பாதி பலம் போயிருக்கும். கையேடு அனுமதித்தால் 5டபிள்யூ-30 ஆயிலுக்குப் பதில் சற்றுக் கெட்டியான 5டபிள்யூ-40 போடலாம், ஆயில் கூலர் வைக்கலாம். கெட்டியான ஆயில் படலத்துக்குப் பலம் தரும், ஆனால் சாய்ந்த பானில் ஆயிலைப் பிக்கப்புக்குக் கொண்டுவந்து சேர்க்காது.

ஓட்டும்போது பிரஷர் விழுந்தால் உடனே ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், கிளட்சை மிதியுங்கள், இடம் பார்த்து ஸ்டீயரிங்கை நேராக்குங்கள். பாரமில்லாத பேரிங் பிழைக்க வாய்ப்பு உண்டு. பிரச்சினை தரும் வளைவு எது என்று தெரிந்த பிறகு, அதை ஒரு கியர் கூட்டி எடுத்துப் பாருங்கள். 6800-க்குப் பதில் 5000 சுற்றில் போனால் மேலே தேங்கும் ஆயில் குறையும், ராடு மேல் விழும் விசையும் குறையும்.

பானுக்குள் செய்யும் வேலை

ஆயிலை ஓடவிடாமல் தடுக்க பானுக்குள் தகடுகள் வைப்பதுதான் பாஃபிள். நல்ல பாஃபிளில் பிக்கப்பைச் சுற்றி ஒரு பெட்டி இருக்கும், அதன் சுவர்களில் உள்பக்கம் மட்டும் திறக்கும் சிறு கதவுகள் இருக்கும். ஆயில் பிக்கப்பை நோக்கி ஓடும்போது கதவு திறந்து உள்ளே விடும், விலகி ஓடப் பார்த்தால் சாத்திக்கொள்ளும். மேலே ஒரு தகடு கிராங்க்கின் காற்றடியிலிருந்து ஆயிலை மறைக்கும். பானை மாற்றும்போது கதவுகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். வெல்டிங் துணுக்கு மாட்டி ஒரு கதவு திறந்தே நின்றால் அந்தப் பக்க வளைவில் பாஃபிள் இருந்தும் பயனில்லை.

பிக்கப்புக்கும் பானின் அடிக்கும் உள்ள இடைவெளி 6 முதல் 10 மி.மீ. இருக்க வேண்டும். அதைவிட நெருங்கினால் உறிஞ்ச வழியில்லாமல் மூச்சுத் திணறும், விலகினால் சீக்கிரம் காற்று இழுக்கும். அளக்க எளிய வழி, குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் எலுமிச்சை அளவு உருண்டை. பிக்கப்பின் வாயில் அதை ஒட்டி, கேஸ்கெட்டோடு பானை வைத்து நாலு போல்ட் மட்டும் முடுக்கி, மறுபடி கழற்றுங்கள். நசுங்கிய களிமண்ணைக் கத்தியால் குறுக்கே வெட்டி வெர்னியரில் அளந்தால் இடைவெளி கையில் கிடைத்துவிடும். பிறகு களிமண்ணைத் துளிகூட மிச்சமில்லாமல் துடையுங்கள். பானை ஒட்டும்போது சீலன்ட் கோட்டை 2 முதல் 3 மி.மீ.க்கு மேல் தடிப்பாக்க வேண்டாம். உள்ளே பிதுங்கும் சீலன்ட் புழு போல அறுந்து சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும், பட்டினிக்கு அதுவே காரணமாகிவிடும்.

பாஃபிள் போட்டும் லாகரில் பிரஷர் கோடு நடுங்கினால் அடுத்தது அக்யுமுலேட்டர். ஒரு சிலிண்டர், நடுவில் பிஸ்டன், ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ஆயில். பிரஷர் நன்றாக இருக்கும்போது ஆயிலைச் சேர்த்துவைத்து, பிரஷர் விழுந்ததும் காற்று அதைத் திருப்பித் தள்ளும். இன்ஜினுக்கு நிமிடத்துக்கு 30 லிட்டர் தேவை என்று வைத்தால், 1.9 லிட்டர் சிலிண்டர் நாலு நொடிக்குள் காலி. பிரஷரின் குட்டையான சரிவுகளுக்கு அருமையான காப்பு, பத்து நொடி வளைவுக்குப் போதாது. பம்ப் பக்கம் ஒரு ஒருவழி வால்வு கட்டாயம், இல்லையென்றால் சேர்த்த ஆயில் பின்னோக்கி ஓடிவிடும். கை வால்வு உள்ளதென்றால், அணைப்பதற்கு முன் சுற்றைக் கொஞ்சம் ஏற்றி வால்வை மூடி, பிறகு அணையுங்கள். அடுத்த முறை ஸ்டார்ட் செய்வதற்கு முன் திறந்தால், கிராங்க் சுற்றும் முன்பே பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேரும். வால்வைத் திறந்துவைத்தபடி அணைத்துவிட்டு டிப்ஸ்டிக்கைப் பார்த்து, ஆயில் கூடிவிட்டது என்று வடித்துவிடாதீர்கள்.

முழுத் தீர்வு டிரை சம்ப்தான். பல அடுக்குப் பம்பில் ஓர் அடுக்கு அழுத்தம் கொடுக்கும், மற்றவை பானிலிருந்து ஆயிலையும் காற்றையும் சேர்த்து வாரி, உயரமான உருளை டேங்க்கில் கொட்டும். ஆயில் சுவரோரமாகச் சுழன்று இறங்குவதில் காற்று பிரிந்துவிடும். ஒடுங்கிய உயரமான டேங்க்கில் மேற்பரப்பு எவ்வளவு சாய்ந்தாலும் அடியிலுள்ள வாய் மூழ்கியே இருக்கும். செலவு அதிகம், பைப்புகள் அதிகம், ஒரு பெல்ட்டும் கூடுகிறது. மாதம் ஒருமுறை டிராக்குக்குப் போகிறவருக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. ஏற்கெனவே டிரை சம்ப் உள்ள கார்களில் ஆயில் அளவைச் சூடான இன்ஜினில், கையேடு சொல்லும் முறைப்படிதான் பார்க்க வேண்டும். சில மாடல்களில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்கச் சொல்வார்கள். குளிர்ந்த இன்ஜினில் பார்த்தால் டேங்க்கிலிருந்து கொஞ்சம் பானுக்கு வடிந்திருக்கும், குறைவு என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றிவிடுவீர்கள்.

ஒவ்வொரு டிராக் நாளுக்குப் பிறகும் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். ரம்பத்தால் அறுத்தால் இரும்புத் தூள் கலந்துவிடும், அதனால் டின் திறப்பது போன்ற ஃபில்டர் கட்டர்தான் வேண்டும். உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை வெட்டி எடுத்து, வைஸில் வைத்து நெருக்கி ஆயிலைப் பிழிந்து, வெயிலில் வெள்ளைத் தாள்மேல் விரியுங்கள். காந்தத்தில் ஒட்டுவது எஃகு. பேரிங் பூச்சில் இருக்கும் செம்பு, அலுமினியம், வெள்ளீயம் எதுவும் காந்தத்தில் ஒட்டாது, எனவே காந்தம் சுத்தமாக வந்தது என்று நிம்மதியடைய வேண்டாம். மடிப்புகளை ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளியாக மினுக்கினால் மேல்பூச்சு போகிறது. செம்பு நிறத்தில் மினுக்கினால் தேய்மானம் அடுத்த அடுக்கை எட்டிவிட்டது. அந்தக் காரைப் பானைக் கழற்றி, ராடு கேப்பைத் திறந்து, பேரிங்கைக் கண்ணால் பார்க்காமல் மறுபடி டிராக்கில் இறக்காதீர்கள்.